ஒலிப்பதிவு ஆண்டைக் குறிப்பிடுங்கள்: இசைச் செயலி நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ஆர்ட் ஆன்சாம்பிள் ஆஃப் சிகாகோ என்ற அமெரிக்க ஜாஸ் குழுவின் தொடக்ககாலப் பதிவுகள் குறித்து உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே நன்றிக் குறிப்பு வந்ததால், இதைப் பலர் பார்க்க எழுதுகிறேன்.

கட்டுகளை உதறி வாசிக்கும் ஜாஸ் வகையான ஃப்ரீ ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கும் என் தங்கை மகன் சென்ற வாரம் கேட்டான்: "மாமா, 1970இல் பாரிஸில் இந்தக் குழுவில் டான் மோய் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்துவிட்டார் என்றீர்களே, 1975இல் பழைய டிரம்மர் ஃபிலிப் வில்சன் எப்படி வாசிக்கிறார்?" உங்கள் செயலியில் வில்சன் வாசித்த 'ஓல்ட்/குவார்டெட்' இசைத்தட்டுக்குக் கீழே 1975 என்றுதான் இருந்தது. அது தட்டு வெளிவந்த ஆண்டு. அவர்கள் வாசித்தது 1967இல்.

எட்டு ஆண்டுதானே என்று தோன்றலாம். அதே 1967இல் வில்சன் பால் பட்டர்ஃபீல்டின் ப்ளூஸ் குழுவுக்குப் போய்விட்டார். அதன்பின் நிலையான டிரம்மர் அமையாததால், குழுவில் இருந்த ரோஸ்கோ மிட்செல், லெஸ்டர் போவி, மலக்காய் ஃபேவர்ஸ், பிறகு வந்து சேர்ந்த ஜோசப் ஜார்மன் ஆகியோர் தாளத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். மிட்செலின் 1966ஆம் ஆண்டு 'சவுண்ட்' பதிவிலேயே எட்டிப்பார்த்த சிறு கருவிகள், மணியும் சேகண்டியும் விசிலும் சைக்கிள் ஹாரனுமாகப் பெருகி, இசையின் நடுவுக்கே வந்தன. 1969 ஜூலையில் பாரிஸில் பதிவான 'பீப்பிள் இன் சாரோ'வில், ஒரு மணியொலி தேய்ந்து அடங்க இடம்விட்டு வாசிக்கும் பொறுமை அந்த வெற்றிடத்தில் விளைந்தது. ஆண்டு பிசகினால் இந்தக் கதையே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே, ஒலிப்பதிவு ஆண்டைக் குறிப்பிடுங்கள்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'பீப்பிள் இன் சாரோ'வின் நாற்பது நிமிடமும் ஒரே படைப்பு. இசைத்தட்டுக்கு இரு பக்கம் இருந்ததால் இரண்டானது. உங்களிடம் பக்கங்கள் ஏது? இருந்தும் இரண்டாக வெட்டி, நடுவில் மெத்தை விளம்பரம் வைத்திருக்கிறீர்கள். துயருறும் மக்கள் என்று தலைப்பிட்டவர்கள் உங்கள் நேயர்களையும் மனத்தில் வைத்திருந்தார்களோ என்னவோ.

கடுமையைப் பொறுத்தருள்க. நெஸ்ஸா என்ற சிறு நிறுவனம் 1993இல் குழுவின் தொடக்ககாலப் பதிவுகளை ஐந்து குறுந்தட்டுகளாகத் தொகுத்தபோது, '1967/68' என்று தொகுப்பின் பெயரிலேயே ஆண்டைப் பொறித்தது. பல கோடிப் பாடல்களை நிர்வகிக்கும் உங்களால் ஒலிப்பதிவு ஆண்டையும், அதனருகில் வாசித்தவர் பெயர்களையும் சேர்க்க முடியாதா? பதில்கூட வேண்டாம்; அந்த 1975ஐ முதலில் மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா தவறாத நேயர்