தங்கம் தேடும் மெஷினுக்கு நாங்கள் ஏன் ஓடர் எடுப்பதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தராசும் ரேடியோவும் பம்ப் மோட்டாரும் திருத்தக் கொண்டு வருகிறவர்கள், வேலை முடிந்து காசும் கொடுத்துவிட்டு, படி இறங்கும்போது ஒரு நிமிஷம் நிற்பார்கள். அக்கம்பக்கம் பார்ப்பார்கள். "அண்ணே, அந்தத் தங்கம் தேடுற மெஷின் ஒன்னு எடுத்துத் தர ஏலுமா?" முன்பு வருஷத்தில் ஒருவர் கேட்பார். இப்போது வாரத்தில் இரண்டு பேராவது கேட்கிறார்கள். டிக்கோயாவிலிருந்து வருகிறார்கள், நோர்வூட்டிலிருந்து வருகிறார்கள், ஒருவர் பண்டாரவளையிலிருந்து ரயிலேறியே ஹட்டனுக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் விளக்கினால் மேசையில் கிடக்கும் வேலை கிடந்தபடியே கிடக்கும். அதனால்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

நீங்கள் போனில் வீடியோ காட்டிக் கேட்பது பெரும்பாலும் இரண்டு மெஷின்கள். ஒன்று மைன்லேப் ஜிபிஇசட் 7000, மற்றது அதே கம்பெனியின் ஜிபிஎக்ஸ் 6000. அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரில் 1985இல் தொடங்கிய கம்பெனி அது. ஏழாயிரம் 2015இல் வந்தது, ஆறாயிரம் 2021இல். இரண்டும் பல ஆயிரம் டொலர். பெரியதை இன்றைய கணக்கில் இருபது இலட்சம் ரூபாய்க்குக் குறைவாக நினைக்கவே வேண்டாம். மெஷின் மோசம் என்று நான் சொல்லப் போவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் தங்கக் கட்டியைத் தேடுவதற்கென்றே செய்த கருவிகளில் முன்வரிசையில் நிற்பவை அவை. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் காணியை அடகு வைப்பதா வேண்டாமா என்று யோசியுங்கள்.

தலவாக்கலைப் பக்கம் பிறந்து மெல்பேர்னில் குடியிருக்கும், ஜிபிஇசட் 7000 வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் லீவுக்கு வந்தபோது, உடைந்த ஹெட்போன் ஒன்றைச் சோல்டர் பண்ணக் கொண்டு வந்தார். பேச்சோடு பேச்சாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரைப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, எங்கள் தராசுத் தட்டில் கொட்டினார். கிணிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் தேடி எடுத்த தங்கக் கட்டிகள். நகைக்கடை மஞ்சள் இல்லை. கொஞ்சம் மங்கலாக, மூலையெல்லாம் மழுங்கி, மென்று துப்பிய வெல்லத் துண்டு மாதிரி இருந்தது. பெரியது 3.2 கிராம். சின்னது 0.11 கிராம், அதை விரலால் எடுக்கப் போய் நகத்துக்குள் மாட்டிக்கொண்டது. எல்லாம் சேர்த்து 21.6 கிராம், மூன்று பவுனுக்குக் குறைவு. "எத்தனை நாள் உழைப்பு அண்ணே?" என்றேன். நான்கு வருஷத்துச் சனி ஞாயிறு என்றார். பெற்றோல் காசைக் கேட்டதற்குச் சிரித்தார்.

அவர் தேடுவது விக்டோரியா மாநிலத்தில், டனோலி, வெடர்பேர்ன், மொலியாகுல் பக்கத்தில். அது சாதாரண இடமில்லை. 1869இல் உலகத்தின் மிகப் பெரிய தங்கக் கட்டி மொலியாகுல்லில்தான் அகப்பட்டது, அதுவும் மண்ணுக்குள் இரண்டு விரல்கடை ஆழத்தில். 1980இல் கிங்கோவரில் ஒருவர் டிடெக்டர் வைத்து 27.2 கிலோ கட்டி ஒன்றை எடுத்தார். நம் கணக்கில் 3,400 பவுன். வீடியோக்காரர்கள் எல்லோரும் காட்டுவது இந்த ஒரு கட்டியைத்தான். அதே மண்ணில், அதைவிடப் பன்மடங்கு நல்ல மெஷினோடு, நான்கு வருஷம் நடந்த அண்ணனுக்கு மூன்று பவுன் தேறவில்லை. நூற்றைம்பது வருஷமாக ஆட்கள் கிளறிய மண் அது, மிச்சம்தான் கிடைக்கும் என்றார். அதற்கும் அங்கே மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பது. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும்.

மெஷினைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு நன்றாகப் பிடித்தது தோள்பட்டைக் கதைதான். ஜிபிஇசட் 7000 எடை 3.3 கிலோ. அரிசிப் பையானால் ஒன்றுமில்லை. அதையே ஒரு கம்பின் நுனியில் தட்டு வைத்தது போல் நீட்டிப் பிடித்து, நிலத்தை உரசுகிற மாதிரி இடமும் வலமுமாக ஆறு மணி நேரம் வீசிப் பாருங்கள். முதுகில் பட்டி கட்டி, அதிலிருந்து இழுபடும் ரப்பர் கயிற்றில் மெஷினைத் தொங்கவிட்டுத்தான் நடக்கிறார்கள். காதில் ஓயாமல் ஒரு மெல்லிய ரீங்காரம். அந்த ரீங்காரம் லேசாக ஏறி இறங்கினால் நின்று, பூட்ஸால் மண்ணைக் கீறிவிட்டு, திரும்பவும் வீசிப் பார்க்க வேண்டும். அது தங்கமா, ஈயக் குண்டா, பூட்ஸ் ஆணியா என்று நம்பிச் சொல்கிற வேலையை இந்த மெஷின் செய்யாது. எல்லாவற்றையும் தோண்டித்தான் தீர வேண்டும். அண்ணன் வீட்டில் ஒரு பெயின்ட் வாளி நிறைய ஈயம் இருக்கிறதாம்.

ஜிபிஎக்ஸ் 6000 வைத்திருப்பவர் அவருடைய மச்சான், மேற்கு அவுஸ்திரேலியாவில் கல்கூர்லிப் பக்கம். அதன் எடை 2.1 கிலோதான். மண்ணுக்குத் தக்கபடி தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், பொடிக் கட்டிகளைப் பிடிப்பதில் கெட்டிக்கார மெஷின் என்று அவர் சொல்கிறாராம். மின்கம்பி பக்கம் போனால் மட்டும் காது கிழியுமாம். அதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. லக்சபான மின் நிலையத்திலிருந்து போகும் உயர் அழுத்தக் கம்பிகள் எத்தனை மலைக்கு மேலால் போகின்றன? சித்திரை மாதத்துப் பின்னேர இடி எப்படி? அங்கே பாலைவனத்துக்கு நடுவில் மௌனமாக வேலை செய்கிற மெஷின், இங்கே நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்.

அப்புறம் மண். மெஷினின் நுனித் தட்டிலுள்ள கொயில், அதாவது கம்பிச் சுருள், மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலத்தை நிலத்துக்குள் அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் ஓடும், அந்த ஓட்டம் திருப்பி ஒரு புலத்தை எழுப்பும், அதைத்தான் மெஷின் கேட்கிறது. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணும் சில கருங்கற்களும்கூட இப்படி ஒரு பதில் குரல் கொடுக்கும். விலை கூடிய மெஷினுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு, அந்த மண்ணின் குரலைத் தள்ளிவிட்டு உலோகத்தின் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தைக்குத்தான். ஆழ விஷயத்தில் வித்தை பலிக்காது. ஆழம் இரண்டு மடங்கானால் சத்தம் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? சின்னக் கட்டிக்கு அது அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். "பதினைந்து அடிக்குக் கீழே தங்கம் காட்டும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரத்தினக்கல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொகவந்தலாவையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீலக்கல் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த படிகம், அதில் மின்சாரம் ஓடாது. மின்சாரம் ஓடாத பொருளை இந்த மெஷினால் கேட்கவே முடியாது. நம்பாத ஒரு ஐயாவுக்காகக் கடைப் பின்முற்றத்தில் செய்து காட்டினோம். தண்ணீர்ப் பைப் தேடுவதற்காக முறையான கடிதத்தோடு வாங்கிய சின்ன டிடெக்டர் ஒன்று எங்களிடம் உண்டு. ஒரு சட்டி மண்ணுக்கடியில் அவருடைய நீலக்கல்லை வைத்தோம், சத்தமே இல்லை. மோதிரத்தை வைத்தோம், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியது. மெல்லிய சங்கிலி ஒன்றை வைத்தால் முனகியது, அவ்வளவுதான். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனித்தனிப் பொடி உலோகம் போல் நடந்துகொள்ளும், அதனால் மோதிரம் அளவுக்குச் சத்தம் வராது. கடைசியில் பால்மா பைக்கற்றுக்குள் இருக்கும் வெள்ளித் தாளை உருட்டி வைத்தேன். மோதிரம் போலவே கத்தியது. ஐயா பேசாமல் கல்லைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

சரி, தங்கக் கட்டியாவது நம் மலையில் உண்டா? அவுஸ்திரேலியத் தங்கம் பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல் நரம்புகளோடு வந்தது. அந்த நரம்புகள் ஓடும் பாறை அவ்வளவாக வேகாத பாறை. நம் மலையகப் பாறைகள் பூமிக்குள் மிக ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து மாறியவை. அந்த வேக்காட்டில்தான் நீலக்கல்லும் மற்றக் கற்களும் விளைந்தன. இலங்கையில் வியாபார அளவில் ஒரு தங்கச் சுரங்கமும் ஓடவில்லை. ஆற்று மணலில் தூளாக ஏதாவது மினுங்கினாலும் அந்தத் தூள் மெஷினுக்குக் கேட்காது. ஆக, இருபது இலட்சம் கொடுத்து வாங்கி நம் மலையில் நடந்தால் நீங்கள் எடுக்கப் போவது தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தித் துண்டு, லயத்துத் தகரம், சாராயப் போத்தல் மூடி.

இனி மூன்றாவது ஒரு மெஷின், இது எங்கள் மேசைக்கே வந்தது. மஸ்கெலியாத் தம்பி ஒருவர் வெளிநாட்டில் வேலை செய்து திரும்பும்போது, யாரோ ஒருவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தது என்று பெரிய மெஷின் ஒன்று கொண்டு வந்திருந்தார். ஸ்டிக்கர் அச்சு அசல். "வேலை செய்யுது அண்ணே, ஆழந்தான் போகுதில்ல" என்றார். திறந்து பார்த்தேன். போர்டில் சோல்டர் ஈ மொய்த்த மாதிரி இருந்தது, பாதித் துளைகள் காலி. நான்கு விரல் ஆழத்துக்கு மேல் மோதிரம் கேட்கவில்லை. போலிதான். அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆபிரிக்காவில் தங்கம் தேடும் அலை வந்தபோது போலி மெஷின் சந்தையும் கூடவே வளர்ந்தது. மைன்லேப் கம்பெனியின் ஊழியர் ஒருவருடைய லெப்டொப் வழியாக மெஷின் வடிவமைப்பே திருடப்பட்டது என்று 2015இல் செய்தி வந்தது.

போலியாவது நான்கு விரல் ஆழம் கேட்டது. அதையும் கேட்காத ஒரு சாமான் இருக்கிறது, இரண்டு அன்டெனாக் கம்பி, ஒரு கைப்பிடி, "ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கம் காட்டும்" என்ற பேச்சு. திருத்தக் கொண்டு வராதீர்கள், அதற்குள் திருத்த ஒன்றும் இல்லை. இதே சாதியைச் சேர்ந்த ஏடிஇ 651 என்ற சாமானை வெடிகுண்டு காட்டும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற பிரித்தானியர் ஒருவருக்கு 2013இல் பத்து வருஷச் சிறை கிடைத்தது. கோல்ஃப் பந்து தேடுவதாகச் சொல்லி விற்ற விளையாட்டுச் சாமான்தான் அதற்கு மூலம். அந்தக் கம்பி ஆடுவது பிடித்திருப்பவரின் மணிக்கட்டால்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, காணி உங்களுடையதானாலும் அதற்கடியில் உள்ள கனிமம் அரசுக்குரியது. தேடவும் எடுக்கவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் உத்தரவுப் பத்திரம் வேண்டும். பழம்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். புதையல் தோண்டப் போய் மெஷினோடு பிடிபட்ட செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. அந்தப் படத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் நம் கடை பில் இருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரியும் நாட்களில், "ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்குத் தாங்க" என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில். அது நம் அப்பாமார் கும்பிட்ட இடம்.

ஆகவே தங்கம் தேடும் மெஷினுக்கு ஓடர் எடுப்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வருவதானால், வாங்குவதற்கு முன்பே சுங்கத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதும் பத்திரமும் உள்ள மெஷினின் கேபிள், பெட்டரி, ஹெட்போன் வேலைகளைத் தாராளமாகச் செய்து தருவோம்.

ஒரு வேலைக்கு மட்டும் எங்கள் சின்ன டிடெக்டரோடு நாங்களே வருவோம், தொலைந்த நகை தேட. போன வருஷம் டிக்கோயாப் பக்கம் கொழுந்தெடுத்த அக்கா ஒருவரின் தாலி, கொடியோடு அறுந்து விழுந்துவிட்டது. தோட்ட நிர்வாகத்தில் சொல்லிவிட்டுப் போனோம். மூன்று நிரை முழுக்க வெள்ளித் தாளும் ஆணியுமாகக் கத்தியது. நான்காவது நிரையில், கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, பக்கத்துத் தேயிலை மரத்தின் தூரில், சருகுக்கடியில் தாலி கிடந்தது. அக்கா அதை வாங்கி முதலில் மண்ணைத் துடைக்கவில்லை, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்படித் தொலைந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைசியாக நகை இருந்த இடத்திலும், இல்லை என்று தெரிந்த இடத்திலும் இடத்துக்கொரு குச்சி நட்டு வையுங்கள். நாங்கள் வரும்வரை அந்த நிரையில் முள்ளுக்குத்தி மண்ணைக் கிளறவோ கான் வெட்டவோ விடாதீர்கள். கூட்டிப் பெருக்கியும் தேடாதீர்கள், நகை இன்னும் உள்ளே போய்விடும். ஞாயிறு காலையில்தான் வர முடியும். பஸ் காசும் ஒரு பிளேன்டீயும் போதும். மழை நாளானால் கடைக்கு ஒரு கோல் கொடுங்கள், அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வோம்.

அன்புடன்,
ஹட்டன் கடையிலிருந்து