கரெத் எட்வர்ட்ஸை ஆளாக்கியவர்களுக்கு நன்றி

வேல்ஸ் ரக்பிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

1967 ஏப்ரல் 1-ஆம் தேதி பாரிசில் பிரான்சுக்கு எதிராக இறங்கியபோது கரெத் எட்வர்ட்ஸுக்கு வயது 19. அங்கிருந்து 1978 மார்ச் வரை வேல்ஸுக்காகத் தொடர்ந்து 53 ஆட்டங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. இருபது வயதிலேயே கேப்டன். இரு அணியும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துத் தன் ஆட்களுக்கு எறிபவர்தான் ஸ்க்ரம்-ஹாஃப். என் கணக்கில் அவரை மிஞ்சிய ஸ்க்ரம்-ஹாஃப் இன்றுவரை பிறக்கவில்லை. அவரைப் புகழ ஊரே இருக்கிறது. நான் நன்றி சொல்ல வந்தது உங்களுக்கு.

முதல் நன்றி பில் சாமுவேல் சாருக்கு. குவான்-கே-கர்வென் கிராமத்துச் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையன், பொன்டர்டாவே டெக்னிக்கல் பள்ளியில் உங்கள் கையில் வந்து சேர்ந்தான். நீங்கள் பி.டி. மாஸ்டர். ரக்பி மட்டும் போதும் என்று விடாமல் ஓட்டம், நீளம் தாண்டுதல், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று அவனை வாட்டி எடுத்தீர்கள். பிற்காலத்தில் மூன்று பேர் மேலே விழுந்தும் சாயாத அந்த உடம்பு அப்போது உருவானதுதான். அதோடு விட்டீர்களா? வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் மில்ஃபீல்ட் பள்ளியின் கதவைத் தட்டி, அவனுக்காக வாதாடினீர்கள். உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர் ஜேக் மேயருக்கும் என் கும்பிடு. தன் மாணவனுக்காக இப்படி அலைந்த வாத்தியாரை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

அடுத்து, எட்வர்ட்ஸ் எறியும் பந்தை வாங்கி ஆடிய பாரி ஜான். கார்மார்த்தனில் மழையும் சேறுமாக இருந்த நாளில் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து பயிற்சி செய்தீர்கள். பந்து எப்படி வேண்டும் என்று எட்வர்ட்ஸ் துளைத்துத் துளைத்துக் கேட்க, "நீ எறி, நான் பிடிச்சுக்கிறேன்" என்றீர்கள். ஸ்க்ரம்-ஹாஃபுக்கு இதைவிடத் தெம்பான பேச்சு உண்டா? எதிராளி மேலே பாயும்போது நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அங்கே ஆள் நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் எறிய வேண்டும்.

1973 ஜனவரி 27, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். நியூசிலாந்துக்கு எதிராக, அழைப்பின் பேரில் ஆட்டக்காரர்கள் கூடும் பார்பேரியன்ஸ் அணிக்கு எட்வர்ட்ஸ் போட்ட ட்ரையை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) உலகமே பார்த்துவிட்டது. சொந்தக் கோட்டுக்கு அருகே பந்தை எடுத்து, துரத்தி வந்தவர்களை வளைந்து நெளிந்து ஏய்த்தவர் ஃபில் பென்னட். கழுத்தைச் சுற்றிப் பிடித்த பிறகும் பந்தைக் கைமாற்றியவர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ். பிறகு ஜான் புலின், ஜான் டாஸ், டாமி டேவிட், டெரெக் குவினல். ஏழாவதாகத்தான் எட்வர்ட்ஸ் கைக்குப் பந்து வந்தது. முன்னே தொட்ட ஆறு பேருக்கும் தனித்தனியாக நன்றி.

கடைசியாக, ஸ்க்ரமில் முகம் புதைத்துத் தள்ளியவர்களுக்கு: பந்தைக் காலடியில் அடக்கிப் பதமாகக் கொடுத்த மெர்வின் டேவிஸ், முன்வரிசையில் நின்ற பொன்டிபூல் கிளப் மூவர் கிரஹாம் பிரைஸ், பாபி வின்ட்சர், சார்லி ஃபாக்னர். அப்போது ரக்பியில் சம்பளம் கிடையாது. வார நாட்களில் வேலை, வார இறுதியில் அடி உதை. உங்கள் வலியை ஆற்றி, மறுபடியும் மைதானத்துக்கு அனுப்பிவைத்த உங்கள் வீட்டாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு ரக்பி ரசிகன்