கிளிப் போடும் முன்பு மூக்கையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கிளிப் மாட்டாமல், பல்லைப் பிடுங்காமல், முக வளர்ச்சியைத் திருத்தியே பல்வரிசையை நேராக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதியை நம்பிப் பெற்றோர் யாராவது பிள்ளையின் நாட்களை வீணாக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முறையை முன்வைத்த பிரிட்டனின் பல் சீரமைப்பு மருத்துவர் ஜான் மியூ எழுப்பிய கேள்வி நியாயமானது. பல் முளைக்கவே இடமில்லாத அளவுக்குத் தாடை ஏன் குறுகிப்போகிறது? பரம்பரை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. ராபர்ட் கொருசினி என்ற மானுடவியலாளர் நம் பஞ்சாபிலேயே ஆராய்ந்து பார்த்தார், கிராமத்துப் பிள்ளைகளைவிடச் சண்டிகர் நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பல்வரிசைக் கோளாறு அதிகம். நகரத்தின் மெத்தென்ற சாப்பாட்டை அவர் முக்கியக் காரணமாகச் சொன்னார். அமெரிக்காவில் எகில் ஹார்வோல்ட் குரங்குகளின் மூக்கை அடைத்து வாயால் மூச்சுவிட வைத்தபோது அவற்றின் பல்வரிசையும் தாடையும் மாறிப்போயின.

சரி, அதற்காக அவர் சொல்வதுபோல நாக்கை மேலண்ணத்தில் (வாயின் மேற்கூரையில்) ஒட்டி வைத்தால் முகமே மாறிவிடும் என்று சொல்லிவிடலாமா? அப்படி மாறும் என்று முறையான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் நிரூபிக்கவில்லை. இந்த முறையை இணையத்தில் பரப்பிய, ஜான் மியூவின் மகனான பல் மருத்துவர் மைக் மியூவை, குழந்தைகளுக்கு அவர் அளித்த சிகிச்சை தொடர்பான விசாரணைக்குப் பிறகு, 2024இல் பிரிட்டனின் பல் மருத்துவ கவுன்சில் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. மேலண்ணத்தின் நடுவில் இருக்கும் எலும்பு இணைப்பு பருவ வயதைத் தாண்டியதும் இறுகத் தொடங்கிவிடும், அப்புறம் இருபது வயதுப் பையன் கண்ணாடி முன் நின்று நாக்கை எவ்வளவு அழுத்தினாலும் தாடை அகலமாகாது.

இன்னொன்று, வளர்ச்சியை வழிநடத்துவது வழக்கமான சிகிச்சைக்கு எதிரானது என்பதுபோல எழுதியிருப்பது சரியல்ல. மேலண்ணத்தை விரிக்கும் கருவியைப் பற்றி அமெரிக்கப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல் 1860இலேயே எழுதிவிட்டார். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கு நம்மூர் மருத்துவர்களும் கொடுக்கும் ட்வின் பிளாக் என்ற கழற்றி மாட்டும் கருவி, ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் உருவாக்கியது. ஆனால் இவற்றுக்கும் எல்லை உண்டு. எத்துப்பல்லுக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளையும் பருவ வயதில் தொடங்கியவர்களையும் பெரிய சோதனைகளில் ஒப்பிட்டபோது, முன்பல் அடிபடுவது குறைந்ததைத் தவிர கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு உண்மையில் ஆதங்கம் வேறு இடத்தில். என் மகள் வாயைத் திறந்துகொண்டே தூங்குவாள், குறட்டையும் விடுவாள். அவளைப் பார்த்த பல் மருத்துவர்கள் எல்லாரும் பல்லை மட்டும் பார்த்துவிட்டு, பால்பல் எல்லாம் விழட்டும், பிறகு கிளிப் போடலாம் என்று அனுப்பினார்களே தவிர, மூக்கில் அடைப்பு உண்டா, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைச் சரிசெய்தால் பல் தானாக நேராகிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைக்கு மூச்சாவது ஒழுங்காக வரும், தூக்கமாவது நன்றாக இருக்கும். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. நம்மூரில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

அடுத்த இதழிலாவது ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பல் சீரமைப்பு மருத்துவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசச் செய்து வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்