ஸ்பீடு டெஸ்ட் போதாது, ஃபிரேம் இழப்பைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் இணையம் படுத்துகிற பாட்டைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புலம்பல் எல்லாம் நியாயம்தான். ஆனால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள் என்று முடித்திருந்தீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு திருவாரூர், நாகை வரை ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நெட்வொர்க் பார்க்கிற ஆள் நான். லீஸ்டு லைன், அதாவது தங்களுக்கென்றே தனி லைன் வாடகைக்கு எடுத்தவர்களின் தலைவலி பெரும்பாலும் ஸ்பீடு டெஸ்டில் தெரியவே தெரியாது. ஃபிரேம் இழப்பில்தான் தெரியும், அதாவது ஃபிரேம் என்கிற சிறு பொட்டலங்களாகப் போகும் தரவில் வழியில் எத்தனை தொலைகிறது என்பதில்.

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்கிருந்து தஞ்சாவூர் ஆபீசுக்கு 100 மெகாபிட் ஈதர்நெட் லைன். ஸ்பீடு டெஸ்ட் 90-க்கு மேலேயே காட்டும், ஏனென்றால் அது ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து லைனை நிரப்பிவிடும், ஒன்று தடுக்கினாலும் மற்றவை ஈடுகட்டிவிடும். ஆனால் பில்லிங் சாஃப்ட்வேர் தொங்கும், போனில் பாதி வார்த்தை காதில் விழாது. லைன் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார், நூறு பிங் (எதிர்முனையைத் தொட்டுத் திரும்பும் சிறு சோதனைச் செய்தி) அடித்தார், நூறும் திரும்பி வந்தது, 'லைன் கிளியர் சார்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். விண்டோஸில் சாதாரண பிங் சுமக்கிற சரக்கு வெறும் 32 பைட், தலைப்புகளைச் சேர்த்தாலும் ஃபிரேம் 78 பைட்தான். 1518 பைட் ஃபிரேமில் பிட்டுகள் அந்த 78 பைட்டைப்போல சுமார் இருபது மடங்கு, கெடுகிற வாய்ப்பும் அவ்வளவு அதிகம், ஒரு பிட் கெட்டாலும் சுவிட்ச் அந்த ஃபிரேமையே தூக்கிப் போட்டுவிடும். அப்புறம், பிங் தொலைந்தால் போகும்போது தொலைந்ததா, வரும்போது தொலைந்ததா என்றும் தெரியாது.

இதற்கென்றே ஐடியூ-டி என்ற சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பு 2006-ல் ஒய்.1731 என்று ஒரு பரிந்துரை கொடுத்திருக்கிறது. கல்லணையில் எவ்வளவு திறந்தார்கள், கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்று இரண்டு இடத்திலும் அளந்து கழிக்கிற கணக்கேதான். லைனின் இரு முனைக் கருவிகளும் அனுப்பிய ஃபிரேம்களையும் வாங்கியவற்றையும் எண்ணிக்கொண்டே இருக்கும். எல்எம்எம் என்ற செய்தி அந்த எண்களைச் சுமந்துபோகும், எல்எம்ஆர் எதிர்முனை எண்களோடு திரும்பும். ஒரு இடைவெளியில் இந்தப் பக்கம் அனுப்பியது 12,40,000, அந்தப் பக்கம் சேர்ந்தது 12,37,520 என்று வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனது 2,480, அதாவது 0.2 சதவீதம். இரண்டு திசைக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். அந்த ஆலையில் ஒருவழியாக இதை ஓடவிட்டபோது ஆலையிலிருந்து போகிற திசையில் மட்டும்தான் இழப்பு, வருகிற திசை சுத்தம். அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டே போனதில், மழைத்தண்ணீர் இறங்கிய ஒரு ஃபைபர் ஜாயிண்ட் பாக்ஸ் அகப்பட்டது.

வாய்க்கால் பல கிளையாகப் பிரிந்தால் இந்தக் கழித்தல் செல்லாது. மூன்று நான்கு கிளை அலுவலகங்களை ஒரே சேவையில் இணைத்திருந்தால் எந்த ஃபிரேம் எந்தப் பக்கம் போனதென்று எண்ணிக்கை சொல்லாது. அங்கே எஸ்எல்எம் என்று சோதனை ஃபிரேம்களைத் தனியாக அனுப்பி எண்ண வேண்டும். விநாடிக்கு ஒன்று அனுப்பினால் 15 நிமிடத்தில் 900தான், அதில் ஒன்று தொலைந்தாலே 0.11 சதவீதம் ஆகிவிடும். இந்த லட்சணத்தில் இழப்பு 0.01 சதவீதத்தைத் தாண்டாது என்று உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள்!

இழப்பை மாதச் சராசரியாகக் காட்டுவது இன்னொரு கூத்து. 30 நாளுக்கு 43,200 நிமிடம். டிராஃபிக் ஒரே சீராகப் போகிறது என்று வைத்தால், 43 நிமிடம் லைன் செத்தே கிடந்தாலும் மாதக் கணக்கில் 0.1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 100 மெகாபிட்டுக்குக் காசு கட்டிவிட்டு ஜிகாபிட் போர்ட்டிலிருந்து மொத்தமாகக் கொட்டினால் ஒப்பந்த அளவுக்கு மேற்பட்டதை நுழைவாயிலிலேயே வெட்டுவார்கள், அது அவர்களுடைய இழப்புக் கணக்கில் வராது. ரூட்டரில் ஷேப்பிங் (ஒப்பந்த அளவுக்குள் சீராக அனுப்புகிற அமைப்பு) போட்டுக்கொள்வது நம் வேலை.

ஒரு சதவீதம்தானே என்று சிலர் நினைக்கலாம். போய்வர 20 மில்லிவிநாடி ஆகிற லைனில் 1 சதவீதம் தொலைந்தால், ஆய்வாளர்கள் 1997-லேயே போட்டுக் காட்டிய கணக்குப்படி, ஒரு டிசிபி இணைப்புக்கு (தொலைந்ததைத் திரும்ப அனுப்புகிற, இழப்பைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிற வழக்கமான தரவு இணைப்பு) கிடைப்பது சுமார் 7 மெகாபிட்தான், லைன் 100 ஆக இருந்தாலும் சரி.

ஆகவே லைன் எடுக்கிறவர்கள், குறிப்பாக டெண்டர் விடுகிற அரசு அலுவலகங்களும் கூட்டுறவு வங்கிகளும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு திசைக்கும் தனித்தனியாக, முனையிலிருந்து முனை வரை அளந்த ஃபிரேம் இழப்பு அறிக்கை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கருவிகளில் இந்த வசதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, முடுக்கிவிடத்தான் ஆளில்லை. அடுத்து இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரும் கம்பெனிகளிடம் அந்த அறிக்கையைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்