மாமா, புத்தருக்கு எதற்கு விளக்கு என்று கேட்டீர்களே

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசித் தீர்கிற விஷயமில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் இதே கேள்வி இருக்கிறது, அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன், நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். நீங்கள் கேட்டது இதுதான்: "கடவுளை நம்பச் சொல்லாத ஒரு மனிதரின் சிலைக்கு முன்னால் சாயங்காலம் ஆனால் விளக்கேற்றுகிறாய். பிள்ளையாரை இறக்கிவிட்டு அதே மாடத்தில் புத்தரை உட்கார வைத்திருக்கிறாய், அவ்வளவுதானே? பாபாசாகேப் அம்பேத்கர் இதற்கா பௌத்தத்துக்குப் போனார்?"

உங்கள் வாதத்தைப் புத்தரே உங்களைவிடக் காரமாகச் சொல்லியிருக்கிறார் மாமா. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் சுந்தரிக பாரத்துவாசர் என்று ஒரு பிராமணர் வருகிறார். ஆற்றங்கரையில் தீ வளர்த்து ஆகுதி கொடுத்து முடித்துவிட்டு, மிஞ்சிய படையலை யாருக்குத் தரலாம் என்று சுற்றிப் பார்த்தால் மரத்தடியில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு வளர்ந்து கடைசியில் புத்தர் சொல்கிறார், விறகை எரிப்பதை நான் விட்டுவிட்டேன், என் ஒளியை உள்ளேயே மூட்டிக்கொள்கிறேன் என்று. சடங்கைப் பிடித்துக்கொண்டு அதுவே தன்னைத் தூய்மையாக்கும் என்று நம்புவது மனிதனைக் கட்டிவைக்கும் பத்துத் தளைகளில் ஒன்று, அதுவும் முதல் மூன்றுக்குள் வருவது. குசிநாராவில் அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது சால மரங்கள் பருவம் தப்பிப் பூத்து அவர் மேல் சொரிந்தனவாம். அப்போதும் சீடர் ஆனந்தரிடம், இது எனக்குச் செய்கிற உண்மையான மரியாதை ஆகாது, தம்மத்தின்படி, அதாவது நான் போதித்தபடி, நடக்கிறவர்தான் என்னை மதிக்கிறவர் என்றே சொன்னார்.

ஆக, விளக்கேற்றினால் பாவம் தீரும், பையனுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பி ஏற்றுகிறவர்களைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை.

ஆனால் அதே புத்தர் சிகாலனிடம் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். ராஜகிருகத்து வாலிபன், சாகும்போது அப்பா சொன்னார் என்பதற்காக விடிகாலையில் ஈரத் தலையும் ஈரத் துணியுமாக நின்று ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மூடநம்பிக்கை, நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. கிழக்கு என்பது பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள், கும்பிடுவதென்றால் இவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். வேலையாளுக்கு அவன் பலத்துக்குத் தக்க வேலை, சோறும் கூலியும், நோயில் கவனிப்பு, நேரத்துக்கு விடுப்பு என்றுகூட அந்தச் சூத்தத்தில், அதாவது புத்தரின் அந்த உரையில், வருகிறது. ஆயுசு முழுக்கத் தொழிற்சங்கத்தில் இருந்தவர் நீங்கள், இதை ஒருமுறை முழுதாகப் படிக்கவேண்டும். கும்பிடு அப்படியே இருந்தது, அதற்குள் இருந்ததை அவர் மாற்றிவிட்டார். விளக்கையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இலங்கையில் விகாரைகளில் விளக்கு வைக்கும்போது சொல்கிற பாலி வரிகளின் பொருள் ஏறக்குறைய இது: கற்பூரம்போல் ஒளிர்ந்து இருளை அழிக்கும் இந்த விளக்கால், மூவுலகுக்கும் விளக்காகிய, இருள் நீக்கும் சம்புத்தரை வணங்குகிறேன். அவ்வளவுதான். கொடு என்று ஒரு சொல் அதில் இல்லை, காப்பாற்று என்றும் இல்லை. பூ வைக்கும்போது சொல்வது இன்னும் நேரடியானது, இந்தப் பூ வாடுவதுபோல் என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்பது. எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான் மாமா. படைக்கிற பொருளைப் பார்த்துத் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்வது. சிலை பார்ப்பதற்கல்ல அந்த விளக்கு, ஏற்றியவள் பார்ப்பதற்கு.

சரி, பார்த்தால் என்ன தெரியும்? எண்ணெயையும் திரியையும் சார்ந்து சுடர் எரிகிறது, இரண்டில் ஒன்று தீர்ந்தாலும் அணைகிறது என்று சூத்தங்களில் பல இடங்களில் வருகிறது. கேட்கிறபோது இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. சுடர் ஒரு பொருள் மாதிரி தெரிகிறது, ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு நொடியும் கீழிருந்து எண்ணெய் ஏறி எரிந்து தீர்ந்துகொண்டே இருக்கிறது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற பிக்கு கேட்கிறாரே, முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரிகிற சுடரும் ஒன்றுதானா என்று. அதே சுடரும் அல்ல, வேறு சுடரும் அல்ல. நான் என்று நினைத்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான் ஓடுகிறது என்பது அவர் காட்டுகிற இடம். ஜப்பானில் ஹியெய் மலை மடத்தில் சைச்சோ என்ற துறவி ஏற்றிய விளக்கை ஆயிரத்து இருநூறு வருடமாக அணையாமல் காப்பதாகச் சொல்கிறார்கள். 1571இல் ஓடா நொபுனாகா என்ற படைத்தலைவர் அந்த மடத்தையே எரித்துவிட்டார். முன்பு அங்கிருந்து யமதேரா கோயிலுக்கு எடுத்துப்போன சுடரிலிருந்துதான் பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். அது பழைய சுடர்தானா என்று நாகசேனரைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வார்.

இங்கே வடலூரை நினைக்காமல் இருக்க முடியாது. உங்களுக்கு வள்ளலார் மேல் உள்ள மதிப்பு எனக்குத் தெரியும், 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை சோறு போட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி நீங்கள்தான் எனக்கு முதலில் சொன்னீர்கள். அங்கே ஏழு திரை விலக்கிக் காட்டுகிற ஜோதி அருட்பெருஞ்ஜோதி, அதாவது இறைவனே. பௌத்தத்தில் அந்தச் சுடர் யாருமில்லை. யாருமில்லை என்று பார்ப்பதுதான் அங்கே வழிபாடு.

ஏழைப் பெண் நந்தாவின் கதையை எல்லோரும் சொல்வார்கள். கோசல மன்னன் வரிசை வரிசையாக ஏற்றிய விளக்கெல்லாம் அணைந்த பிறகும், பிச்சையெடுத்த எண்ணெயில் அவள் ஏற்றிய ஒன்று மட்டும் அணையவில்லை என்று. அழகான கதை, அவள் பணமோ நல்ல பிறவியோ கேட்காமல் நானும் ஒருநாள் புத்தராக வேண்டும் என்று உறுதி எடுத்தாள் என்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அணையாத அந்த விளக்கைவிட, ஒருத்தி தானே அணைத்த விளக்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

படாசாராவைச் சொல்கிறேன். கணவன் பாம்பு கடித்துச் செத்தான், ஆற்றைக் கடக்கும்போது ஒரு குழந்தையைப் பருந்து தூக்கிப்போனது, இன்னொன்றை வெள்ளம் கொண்டுபோனது, பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்று நடந்தால் ராத்திரி அடித்த புயல் மழையில் வீடு இடிந்து அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் ஒரே சிதையில் எரிந்துகொண்டிருந்தார்கள். புத்தி பேதலித்துத் துணிகூட இல்லாமல் அலைந்தவள் புத்தரிடம் வந்து சேர்ந்து பிக்குணி, அதாவது பெண் துறவி, ஆனாள். பிக்குணிகள் பாடிய தேரிகாதையில் அவள் பாட்டு இருக்கிறது. கால் கழுவினேன், தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்தேன், மனம் நின்றது. விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன், படுக்கையைப் பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்தேன், ஊசியால் திரியைக் கீழே இழுத்தேன், விளக்கு அணைந்ததுபோல் என் மனம் விடுதலையானது. பாட்டின் பிற்பகுதி இவ்வளவுதான். அவளுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை அந்த நேரத்தில். ராத்திரி படுக்கப்போகும்போது எல்லாப் பெண்களும் செய்கிற வேலை அது. அவளுக்குள் எரிந்துகொண்டிருந்ததும் எண்ணெய் இருந்ததால்தான் எரிந்தது என்று கண்ணால் பார்த்தாள்.

மாமா, இந்தக் கதையைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் எத்தனை படாசாராக்கள் இருந்தார்கள் என்று நீங்கள் நேரில் பார்த்தவர். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கரையில் பால் ஊற்றுகிறார்கள், பூத் தூவுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அங்கே போய் நின்று, இந்த மெழுகுவத்தியால் என்ன பலன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நீங்களே ஒன்று ஏற்றுவீர்கள். செத்தவருக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேரும் என்று நம்பியா ஏற்றுவீர்கள்? இல்லை, கை சும்மா இருக்க முடியாமல், நினைவுக்கு ஒரு உருவம் வேண்டியிருப்பதால். கைக்கும் மனத்துக்கும் நடுவில் அப்படி ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் தினமும் சாயங்காலம் பயன்படுத்துகிறேன்.

விளக்கு கொடுப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உங்களுக்கு உடனே பிடிக்கும். எதைக் கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார் என்று ஒரு தேவன் கேட்க, சோறு கொடுப்பவர் பலம் கொடுக்கிறார், ஆடை கொடுப்பவர் அழகு, வண்டி கொடுப்பவர் சுகம், விளக்கு கொடுப்பவர் கண் கொடுக்கிறார் என்கிறார் புத்தர். 'தானே' புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள், இது உருவகமே இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு விளக்கு கொடுத்தவர் கண் கொடுத்தவர்தான். தெருப்பிள்ளைகள் படிக்க நீங்கள் உங்கள் திண்ணையில் போட்டிருக்கிற டியூப் லைட்டும் என் கணக்கில் தீபதானம்தான், நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

இன்னொன்றையும் உங்களிடம் காட்டவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வங்காளத்தில் பிறந்து திபெத்துக்குப் போய் அங்கேயே 1054இல் மறைந்த அதீசர் பெயரில் ஒரு விளக்குப் பிரார்த்தனை இருக்கிறது, திபெத்தியர்கள் வெண்ணெய் விளக்கு ஏற்றும்போது இன்றும் சொல்வது. இந்த விளக்கின் கிண்ணம் உலகங்களின் வட்டம் அளவுக்கு விரியட்டும், தண்டு மேரு மலை அளவு ஆகட்டும், நெய் சூழ்ந்த கடல் அளவு நிறையட்டும் என்று போகும். முதன்முதலாகப் படித்தபோது சிலிர்த்துவிட்டது. "வையம் தகளியா வார்கடலே நெய்யாக" என்று பொய்கையாழ்வார் அதீசருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பாடிவிட்டார், அதுவும் எங்கே, நம் கடலூரில் வந்து கடலில் சேர்கிற தென்பெண்ணையின் தென்கரையில், திருக்கோவலூரில். ஒருவர் திருமாலுக்கு ஏற்றினார், இன்னொருவர் எல்லா உயிர்களின் அறியாமை நீங்க ஏற்றினார். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. கையளவு அகலை உலகளவுக்கு நினைத்துப் பார்க்கிற மனம் இரண்டு பேருக்கும் இருந்திருக்கிறது, அப்படி நினைத்துவிட்டால் ஏற்றுகிறவளின் சின்ன ஆசைகளுக்கு அதில் இடமில்லாமல் போய்விடுகிறது.

தமிழுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. சாத்தனார் மணிமேகலையை எப்படி முடிக்கிறார்? காஞ்சியில் அறவண அடிகள், ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது என்கிற சார்புகளைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்ததும், "ஞான தீபம் நன்கனம் காட்ட" அவள் நோன்பு ஏற்கிறாள். அத்தனை பெரிய காப்பியத்தின் கடைசி வரிகளில் ஒரு விளக்கு வந்து நிற்கிறது. தமிழ்ப் பௌத்தத்தை மீட்டெடுக்க முயன்ற அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் ஒரு படி போய், தீபாவளியையும் கார்த்திகை தீபத்தையுமே பழைய பௌத்தர்கள் எள்ளிலும் ஆமணக்கிலும் எண்ணெய் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாட்களாக வாசித்தார். வரலாற்று ஆதாரம் என்று பார்த்தால் அறிஞர்கள் வாதிடுவார்கள், வாதிடட்டும். விளக்கை வரத்தோடு முடிச்சுப் போடாமல் மனித உழைப்போடும் அறிவோடும் முடிச்சுப் போட்டாரே, அந்தப் பார்வை எனக்கு வேண்டும். பாபாசாகேப் வழியில் வந்த வீடுகளிலும் புத்தர் படத்துக்கும் அவர் படத்துக்கும் முன்னால் மெழுகுவத்தி ஏற்றித்தான் திரிசரணம், அதாவது புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைகிற வரிகள், சொல்கிறார்கள், அதை நீங்கள் எத்தனையோ கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள்.

நான் செய்வது ரொம்ப எளிமையானது. வில்லியனூர் மண் அகல் ஒன்று, நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. முகம் எத்தனை, திசை எது என்றெல்லாம் பார்ப்பதில்லை. பேட்டரி விளக்கு வைத்தால் என்ன என்று உங்கள் பேத்தி கேட்டாள். வைக்கலாம், ஆனால் அதில் எதுவும் எரிந்து தீர்வது கண்ணுக்குத் தெரியாது, எனக்கு அது தெரியவேண்டும். ஏற்றுவதற்கு முன் எண்ணெயை அளவாகத்தான் ஊற்றுவேன். தீரும்வரை முடிந்தால் உட்கார்ந்திருப்பேன், அவசரமாக எழுந்து போகவேண்டிய நாட்களில் குளிர வைத்துவிட்டுப் போவேன். அணைந்தால் அபசகுனம் என்று அம்மா இன்னும் பதறுகிறாள், அவளுக்கு நான் சொல்லிப் புரியவைக்க முயல்வதில்லை, அவள் விளக்கு அவளுடையது.

வைகாசிப் பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு முத்தியால்பேட்டைக்கு வாருங்கள் மாமா. அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதி உங்கள் அலமாரியில் இருக்குமே, பண்டிகைகளைப் பற்றி எழுதியிருக்கிற பாகத்தை மட்டுமாவது எடுத்து வாருங்கள், சேர்ந்து படிக்கலாம். விளக்கு நீங்கள் ஏற்றவேண்டாம், எனக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேளுங்கள், அதுபோதும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்,
புதுச்சேரி