சுவரை விட்டு ஷூவுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கை முழுக்கப் பெயிண்ட். இனி பிரஷ்ஷையே தொடமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் செய்தவன், இப்போது தோல் ஷூவில் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

ஆரம்பித்து வைத்தது என் மகள். வெள்ளை ஷூ ஒன்றைக் கொண்டுவந்து, "சும்மாதானே இருக்கீங்க, இதுல ஒரு மீன்கொத்தி வரைஞ்சு குடுங்கப்பா" என்றாள். நமக்கென்ன, இருபதடிப் போர்டில் யானையை ஏற்றியவர்கள். வீட்டில் கிடந்த சாதாரண அக்ரிலிக் பெயிண்டை எடுத்து ஒரே பூச்சில் நிறம் நிற்கிற மாதிரி அப்பினேன். பார்க்க ஜோராக இருந்தது. போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாள். விரல் மடங்கும் இடத்தில் மீன்கொத்தியின் கழுத்து வெடித்துச் செதில் செதிலாகக் கையோடு வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

பிறகுதான் விசாரித்துக் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, அழுக்கும் ஈரமும் ஒட்டக்கூடாது என்று. பெயிண்டும் ஒட்டாது. பஞ்சில் அசிட்டோன் தொட்டு, பளபளப்புப் போய்த் தோல் மங்கும் வரை துடைக்க வேண்டும். போர்டு எழுதுமுன் சுவருக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டோமே, அதே வேலைதான். நெயில் பாலிஷ் ரிமூவர் போதாதா என்று கேட்பாய். நகம் வறளாமலிருக்க அதில் பலதிலும் எண்ணெய்ப் பசை சேர்க்கிறார்கள், அது படிந்தால் துடைத்தும் பயனில்லை. தையலிலும் ஒட்டிய விளிம்பிலும் அசிட்டோன் தேங்கக்கூடாது, பசை இளகிவிடும். ஜன்னலைத் திறந்து வை. பக்கத்தில் சிகரெட் பற்றவைக்காதே. உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

பெயிண்டும் வேறு. தோலுக்கென்றே வரும் அக்ரிலிக், காய்ந்த பிறகும் தோலோடு சேர்ந்து வளையும். ஏஞ்சலஸ் என்றொரு அமெரிக்கக் கம்பெனி, 1907இல் ஷூ பாலிஷ் செய்யத் தொடங்கியது, இந்த வேலைக்காரர்கள் மத்தியில் அதற்குப் பெயர் அதிகம். ஆனால் எந்தப் பெயிண்ட் ஆனாலும் தடித்துப் போட்டால் வெடிக்கும். மெல்லிசாக நாலைந்து கோட், ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. முதல் கோட் போட்டதும் வயிற்றைக் கலக்கும், அவ்வளவு திட்டுத் திட்டாக இருக்கும். கருப்புத் தோலில் மஞ்சள் வேண்டுமென்றால் அடியில் வெள்ளை போட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் பாசி நிறத்தில் நிற்கும். ரப்பர் அடிப்பாகத்தை நான் தொடுவதே இல்லை. அங்கே எதுவும் நிலைக்காது.

வரைவதை விட எங்கே வரையக்கூடாது என்பதற்குத்தான் எனக்கு நேரம் பிடித்தது. இப்போதெல்லாம் ஷூவுக்குரியவரைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லி, மடிப்பு விழும் கோடுகளைக் குறித்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் கண், முகம் எதுவும் வராது. இறகோ அலையோ வந்தால் சுருக்கமும் படத்தில் சேர்ந்துகொள்ளும். 1982இல் கூடைப்பந்துக்காக வந்த நைக்கி கம்பெனியின் ஏர் ஃபோர்ஸ் ஒன் ஷூவின் வெள்ளை ஜோடியைத்தான் நிறையப் பேர் தேடுகிறார்கள். பக்கவாட்டில் அகலமான தோல், மடிப்பும் அங்கே குறைவு. ஸ்டென்சில் ஒட்டி ஏர்பிரஷ் அடிப்பவர்களும் உண்டு, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. பொறாமையாகவும் இருக்கலாம்.

கடைசியில் மேலே ஒரு பினிஷர், பெயிண்டைக் காக்கிற நிறமில்லாத மேல்பூச்சு. மங்கலாகத் தெரிய வேண்டுமென்றால் மேட். அந்தக் குப்பியை நன்றாகக் குலுக்காமல் பூசி, கரும்பச்சை முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகி ஒரு ஜோடியை மறுபடி வரைந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குப் பறவை அலுத்துவிட்டது. வெளிப்பக்கம் இரண்டிலும் அவள் பெயர் வேண்டுமாம், தமிழில். படமென்றால் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு மறு ஷூவுக்கு எடுத்துவிடுவேன். எழுத்தைத் திருப்ப முடியுமா? வலது ஷூவில் பெயர் குதிகாலில் தொடங்கி விரலுக்குப் போகிறது, இடதில் விரலில் தொடங்கிக் குதிகாலுக்கு வருகிறது. சாய்வெழுத்தில் எழுதிப் பார்த்தேன், ஒரு கால் முன்னே ஓடுகிறது, இன்னொன்று பின்னால் சாய்ந்து நிற்கிறது. நேரெழுத்தில் எழுதினால் பள்ளிக்கூடப் பலகை மாதிரி இருக்கிறது. அவுட்லைன் போடாமல் ஒரே இழுப்பில் ழகரத்தைச் சுழித்துவிடுகிற கை உனக்குத்தான் உண்டு. எனக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை, இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

பார்சலில் இடது ஷூவும் தோல் பெயிண்ட் இரண்டு குப்பியும் இருக்கின்றன. உள்ளே தாள் திணித்திருக்கிறேன், எழுதி முடிக்கும் வரை எடுக்காதே. அசிட்டோன் போட்டுத் துடைத்தாயிற்று, அதனால் வெறுங்கையால் தடவாதே. பழைய மீன்கொத்தி முழுவதும் போகவில்லை. குதிகால் பக்கத் தையலில் வால் நீலம் ஒரு கோடாகத் தங்கியிருக்கிறது. அதை மட்டும் மூடிவிடாதே என்று சொல்லச் சொன்னாள்.

வலது ஷூ என்னிடம் இருக்கிறது. நீ எழுதியது வந்த பிறகுதான் தொடுவேன்.

உன் பழைய கூட்டாளி