உமையாளுக்கு ஆத்தா எழுதுவது

சிவமயம்

அன்புள்ள உமையாளுக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன் ஆத்தா, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி நன்றாகத் தூங்கு.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள நீ இல்லாமல் வளவே வெறிச்சென்று இருந்தது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் பார்சலில் வருகிறது.

புதன்கிழமை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் உதவி செய்யப் போவதை நான் விடவில்லை. "ஊர் பேசும், எதுக்கு ஆத்தா" என்றாய். பேசட்டும். போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தாள். மூன்று மாதம் நன்றாக இருந்தானாம், குணமாகிவிட்டது என்று இவளே மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊனமுற்றோர் அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். சலுகை கிடைக்க டாக்டர் ஊனம் 40 சதவீதமாவது என்று எழுத வேண்டும். "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் சொன்னார். 2016 சட்டத்தில் மனநோயும் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சட்டத்தை வரி வரியாகப் படித்து வைத்திருக்கிறேன்.

நீ சிங்கப்பூரில் இவ்வளவு பெரிய வேலையில் இருப்பதை ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்வேன். நீதான் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

நான் ராத்திரி 11.30க்குக் குன்றக்குடி முருகன் படம் அனுப்பினால் அங்கே 2 மணி. உடனே நீலக் கோடு விழுகிறது. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். மாப்பிள்ளை 10 மணிக்கே படுத்துவிடுவார் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று போன மாதம் சொன்னாய். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். தூங்கு தாயி.

என் தம்பிக்கும், உன் அம்மானுக்கும், முதலில் போனது தூக்கம்தான்.

ஐயாதான் அவனைக் கொண்டுபோய் விட்டார் என்று நீங்கள் எல்லாரும் நினைத்திருக்கிறீர்கள். நானும் திருத்தவில்லை. கொண்டுபோனது நான். 1999இல் உன் சின்னத்தாவைப் பெண் பார்க்க வந்த சமயம். முதலில் மாடி அறையில் வைத்துப் பூட்டினேன். அவன் கத்தினது கீழே கல்யாணக் கொட்டகை வரை கேட்டது. மறுநாள் ஏர்வாடி தர்காவுக்குக் கார் பிடித்தேன், அப்போது அங்கே மனநோய் வந்தவர்களைக் கொட்டகைகளில் கட்டிவைப்பார்கள். ஐயா அழுதுகொண்டே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. காலில் சங்கிலி மாட்டும்போது, "ஆச்சி, இறுக்கமா இருக்கு" என்றான். சரியாகிடும்டா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 14 மாதம் கழித்துத்தான் போய் அழைத்து வந்தேன்.

2001 ஆகஸ்ட் 6 அங்கே வேறொரு கொட்டகை எரிந்து, கட்டிப்போட்டிருந்த 28 பேர் போய்விட்டார்கள். செய்தி வந்தபோது அவன் பட்டாலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். நான் அவன் கணுக்கால் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் 95ஆம் பிரிவு சொல்கிறது. அதை யாருக்குப் படித்துக் காட்டினாலும் அவன் "ஆச்சி" என்று கூப்பிட்டதுதான் காதில் விழுகிறது. எதுக்கு ஆத்தா என்று கேட்டாயே.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மனநல உதவி நம்பர் 14416 என்று சீட்டில் எழுதிக்கொடுப்பேன். எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்த நம்பர் உனக்கு ஆகாது. அங்கேயும் தமிழ் பேசுகிற டாக்டர்கள் இருப்பார்கள். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். நீ வா என்றால் அடுத்த நாள் வருவேன். யாரிடமும் எதையும் மறைக்க மாட்டேன், எந்தக் கதவையும் பூட்ட மாட்டேன்.

பார்சல் வந்ததற்குப் போன் செய்ய வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று தினமும் ஒரு வரி அனுப்பு.

உன் ஆத்தா